கடைசி இலக்கம் வரை ஒத்துப்போன இரண்டு ரீடிங்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் வாசிக்கக் கொடுப்பதற்காக என் பணி அனுபவத்திலிருந்து ஊக்கமூட்டும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவனிடம் ஊக்கம் நிறைய மிச்சமிருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். என்னிடம் மிச்சமிருப்பது சர்க்கரை வியாதியும், முழங்கால் வலியும், நான் செய்த ஒரு பெரிய தப்பும்தான். முதல் இரண்டையும் டாக்டர் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவதை உங்களுக்கு எழுதுகிறேன். இப்போதைய முதலாளி பழைய முதலாளியின் மகன். அவருக்குத் தமிழ் வாசிக்க நேரம் கிடைப்பதில்லை என்ற தைரியத்தில் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் போய் கேஸ் டர்பைனா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பூ மார்க்கெட் உண்டு, விசைத்தறி உண்டு, பிரியாணி உண்டு, கேஸ் டர்பைன் எப்படி வந்தது? காரணம் எளியது. முதலாளிக்குச் சொந்த ஊர். ராஜபாளையம் ரோட்டில் அவருடைய தாத்தா வாங்கிப்போட்ட தரிசு ஒன்று எதுவும் விளையாமல் கிடந்தது. கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிறவர்களின் என்ஜின்களை லாரியில் ஏற்றி, கடலே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து, பிரித்து, பழுது பார்த்து, ஓட்டிச் சோதித்து, மறுபடியும் லாரியில் ஏற்றிக் கடலுக்கே அனுப்புவது எங்கள் தொழில். ஓட்டிச் சோதிக்கிற கூடத்துக்கு நான் பொறுப்பாளன்.

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நானும் படித்தவன்தான், அதனால்தான் இதை ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது. சூடான வாயு டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைன் ஒரு ஷாஃப்டைச் சுற்றுகிறது. ஷாஃப்டின் மறுமுனையில் சுமை இருக்கிறது. கடலில் அது பம்பாகவோ ஜெனரேட்டராகவோ இருக்கும். எங்கள் கூடத்தில் அது வாட்டர் பிரேக், அதாவது உள்ளே இருக்கும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே டர்பைனைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் ஒரு இரும்புப் பெட்டி. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஷாஃப்ட் ஒடிந்தால்? கிணற்றில் நிறைவாளியை இழுக்கும்போது கயிறு அறுந்தால் இழுக்கிறவர் மல்லாக்க விழுவாரே, அதேதான். சுமை போய்விட்டது. ஆனால் வாயு தள்ளுவதை நிறுத்தவில்லை. அரைச் செகண்டு போதும். டர்பைன் தாங்க முடியாத வேகத்துக்குப் போய், அதன் சக்கரமே துண்டு துண்டாகப் பிய்ந்து பறக்கும். அந்தத் துண்டுகளைத் தடுக்கிற கனத்தில் உறை செய்யலாம், செய்தால் என்ஜினைத் தூக்க முடியாது. ஆகவே ஒரே வழிதான். சக்கரம் அந்த வேகத்தைத் தொடுவதற்குள் எரிபொருளை அடைத்துவிட வேண்டும்.

அடைப்பதற்கு முன்னால் ஷாஃப்ட் ஒடிந்தது தெரிய வேண்டுமே. அதற்காக வேகத்தை அளக்கும் புரோப் இரண்டு இருக்கும். ஒன்று பிரேக் பக்கம், இன்னொன்று டர்பைன் பக்கம். ஷாஃப்ட் முழுசாக இருக்கும்வரை இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தைச் சொல்லும். ஒடிந்தால் பிரேக் பக்கம் இறங்கும், டர்பைன் பக்கம் ஏறும். இரண்டும் முரண்பட்டால் கம்ப்யூட்டர் உடனே எரிபொருளை அடைத்துவிடும். பிரேக் பக்கத்துப் புரோப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? ஷாஃப்ட் ஒடிந்து டர்பைன் வெறிபிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், வேகம் குறைகிறதே, பாவம் என்ஜின் களைத்துப்போனது போலிருக்கிறது என்று கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் எரிபொருளை ஊற்றும். நான் பார்த்த சில மேலதிகாரிகளும் இப்படித்தான் நிர்வாகம் செய்தார்கள், அதைப் பிறகு சொல்லுகிறேன்.

ஒரு வருடம், எங்கள் கோயில் திருவிழாவான ஆடித் தபசுக்கு ஆறு வாரம் முன்பு, டர்பைன் பக்கத்துப் புரோப் வம்பு செய்ய ஆரம்பித்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் ரீடிங் துள்ளும். இரண்டும் முரண்படுகிறது என்று கம்ப்யூட்டர் என்ஜினை நிறுத்தும். நின்றால் ஆறவைத்து மறுபடி ஓட்டுவதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் முதலாளி போனில் இருப்பார். இரண்டு நாளில் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை நான் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்த்தினேன். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, டர்பைன் பக்கத்து வயரைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, பிரேக் பக்கத்துப் புரோப்பின் சிக்னலையே இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்துக்கும் கொடுத்தேன். ஒரே சாட்சியை இரண்டு பெயரில் கூண்டில் ஏற்றியது மாதிரி. தற்காலிகமாகத்தான். தற்காலிகம் என்று நானே ஒரு சீட்டில் எழுதி ஒட்டவும் செய்தேன். சூட்டில் அந்தச் சீட்டு இரண்டு நாளில் உதிர்ந்துவிட்டது. வயர் மட்டும் நான் மாற்றியபடியே இருந்தது.

பலன் உடனே தெரிந்தது. அதற்குப் பிறகு என்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடுத்தடுத்து நான்கு என்ஜின்கள் பாஸ் ஆயின. வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வருவார். நல்ல மனிதர், மத்தியானச் சாப்பாட்டை உத்தேசித்தே பயணத் திட்டம் போடுகிறவர். நாலாவது என்ஜினின் தாள்களைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரெண்டு ரீடிங்கும் கடைசி டிஜிட் வரைக்கும் மேட்ச் ஆகுதே சார்! நான் எங்கேயும் இப்படிப் பார்த்ததில்ல."

உண்மைதான். எங்கேயும் பார்க்க முடியாது. நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

நான் செய்த காரியம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஆபரேட்டர். வாசுதேவநல்லூர்க்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், கூடத்தில் எல்லாருக்கும் அண்ணாச்சி. நான் வயரைப் பிரித்தபோது டார்ச் பிடித்தவர் அவர்தான். "இது சரியா வருமா சார்?" என்று அன்றைக்கே கேட்டார். வரும் அண்ணாச்சி என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்காதவர்களை நமக்கு எவ்வளவு பிடித்துப்போகிறது!

இனி, கேட்கத் தெரிந்த ஒரு பெண். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் போடவில்லை. ராயகிரிக்காரர். கருவிகள் பிரிவில் ஒப்பந்த டெக்னீஷியன், மூன்றாவது வருடம். மூன்று வருடம் முடிந்தால் நிரந்தரம் செய்யலாம், அதற்குப் பிரிவுப் பொறுப்பாளர் சிபாரிசு எழுத வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அவரை எங்கள் கூடத்துக்கு மாற்றினார்கள், ஆகவே எழுத வேண்டியவன் நான். அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு வீட்டோடு இருந்தார், தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், வீடு ஓடியது இவர் சம்பளத்தில். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு நான் அவரை அவள், இவள் என்றுதான் சொல்வேன். இப்போது அவர் என்று எழுதுகிறேன். பதவி உயர்ந்தது அவருக்கு, புத்தி வந்தது எனக்கு.

தபசு லீவுக்கு முந்தின நாள். ஐந்தாவது என்ஜினைச் சாயந்திரத்துக்குள் முழுச் சுமையில் ஓட்டிக்காட்டிவிட்டால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவார், மறுநாளிலிருந்து எல்லாருக்கும் மூன்று நாள் லீவு. காலையில் எரிபொருள் இல்லாமல் ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றிப் பார்த்தோம். முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்தார்.

"சார், டர்பைன் சைடு புரோப்போட கனெக்டரை இப்பம் சுத்தும்போதே கழத்திப் பாத்தேன்."

"எதுக்கும்மா?"

"ரெண்டு நம்பரும் ரொம்ப ஒத்துப்போவுதேன்னு சந்தேகமா இருந்துச்சு. ரெண்டு பேரு தனித்தனியாப் பாத்தா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்னதான் சொல்லணும். ஸ்டார்ட் ஆவும்போதுகூட ஒரு நம்பர் மாறலியே சார்."

"கழத்தினியா, என்னாச்சு?"

"கழத்துன பொறவும் ரீடிங் காட்டுது சார்."

ஒரு நல்ல அதிகாரி இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று நீங்கள் யோசித்து வையுங்கள், உங்களுக்குத் தேவைப்படும். நான் கதவைச் சாத்தினேன். அது தற்காலிக ஏற்பாடு என்றேன். லீவு முடிந்து வந்து நானே சரி செய்வதாகச் சொன்னேன். ஆறு வாரமாக நான்கு என்ஜின் ஓடியிருக்கிறது, என்ன ஆகிவிட்டது என்று கேட்டேன். ஷாஃப்ட் ஒடியாதவரை எதுவும் ஆகாது என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது, எனக்குத்தான் காதில் விழவில்லை.

"இன்னைக்கே ஒடிஞ்சா சார்?" என்றார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. இந்த மாதிரி விஷயங்களை நாங்கள் சிரித்த முகத்தோடுதான் சொல்வோம்.

"ஒன் கன்ஃபர்மேஷன் பேப்பர் எங்கிட்டதாம்மா இருக்கு. லீவு முடிஞ்சதும் எழுதலாம்னு வச்சிருக்கேன். இப்பம் போயி வேலயப் பாரு."

அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். பிறகு "சரி சார்" என்றார். சரி சார் என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம் என்பதுதான் என் மொத்த சர்வீஸிலும் நான் நம்பிவந்த பெரிய மூடநம்பிக்கை.

மத்தியானம் இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போனேன். நாங்கள் சுக்காவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் ஸ்டோருக்குப் போய்ச் சூடு தாங்குகிற கேபிள் வாங்கியிருக்கிறார். டர்பைன் பக்கத்துப் பழைய வயரைத் தடவிப் பார்த்ததில், ஒரு கிளாம்ப் நழுவி வயர் சூடான உறைமேல் படுத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார். உறை சுட்டு மேல்தோல் கருகி, அதனால்தான் ரீடிங் துள்ளியிருக்கிறது. புதுக் கேபிளை வேறு வழியில் இழுத்து, ஜங்ஷன் பாக்ஸில் என் கண்டுபிடிப்பைப் பிரித்தெறிந்துவிட்டு, இரண்டு புரோப்பையும் அதனதன் இடத்தில் இணைத்துவிட்டார். நாற்பது நிமிட வேலை. ஆறு வாரமாக எனக்குக் கிடைக்காத நாற்பது நிமிடம் அது. கடைசியாக வயரிங் ரிஜிஸ்டரை எடுத்து, எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது விதி. அதை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம்.

சாயந்திரம் ஓட்டினோம். எங்கள் கட்டுப்பாட்டு அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சக்கரம் பிய்ந்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்கும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அறையைச் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில், பெரிய கண்ணாடி ஜன்னலோடு கட்டியிருந்தார்கள். விருந்தாளிகளை அழைத்துவந்து என்ஜினைக் காட்டினால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். நன்றாகவே தெரியும். அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அன்றைக்கு நான், இன்ஸ்பெக்டர், அண்ணாச்சி, அந்தப் பெண், நான்கு பேர் இருந்தோம்.

முழுச் சுமையைத் தொட்டுப் பத்து நிமிடம் இருக்கும். "டொப்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, லாரியின் பின்கதவு விழுந்த மாதிரி. உடனே என்ஜின் சுருதி இறங்கி அடங்க ஆரம்பித்தது. பேனலில் சிவப்பு விளக்கு. வேக முரண்பாடு என்று எழுத்து ஓடியது.

வேக முரண்பாடா? நான் செய்து வைத்த ஏற்பாட்டில் அந்த எழுத்து வரவே முடியாது. திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"வயரத் தொட்டியா?"

"தொட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் முன்னால் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை முழுசாக எழுதினால் ஆபீஸில் அச்சடிக்க மாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். "ஒன் கன்ஃபர்மேஷன நீயே கிழிச்சிப் போட்டுட்ட பாரு" என்று சொன்னேன். பழைய வம்பு திரும்ப வந்துவிட்டது, புரோப் துள்ளி நின்றிருக்கிறது, வேறென்ன? ரீசெட் செய்து, வயரைப் பழையபடி மாற்றி, இருட்டுவதற்குள் மறுபடி ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"அண்ணாச்சி, ரீசெட் அமுக்குங்க."

அண்ணாச்சியின் விரல் பொத்தான்மேல் போனது. அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவில்லை. வழக்கமான குரலில் சொன்னார்.

"உள்ள போயி ஒரு தடவ பாத்துட்டு அமுக்குங்க சார். என்னய என்ன செய்யணுமோ அத பொறவு செஞ்சிக்கிடுங்க."

அண்ணாச்சி விரலை எடுத்துவிட்டார். "சத்தம் ஒண்ணு கேட்டுச்சே சார். புரோப்பு துள்ளுனா சத்தமா கேக்கும்? நான் அமுக்க மாட்டேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்றார். ஆறு வாரத்துக்கு முன்பு அவர் விழுங்கிய கேள்வி அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

கோபத்தோடுதான் போனேன். வாயு வெளியேறி, கூடம் ஆறி, கதவு திறக்க இருபது நிமிடம் ஆனது. இவளுக்கு என்ன மெமோ கொடுக்கலாம் என்று அந்த இருபது நிமிடமும் மனசுக்குள் வாசகம் தயாரித்தேன். உள்ளே நுழைந்து ஷாஃப்ட் மூடியைத் தூக்கினேன். ஷாஃப்ட் இரண்டாகக் கிடந்தது. பல் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், கழுத்தில், முறுக்கிப் பிய்த்த மாதிரி. விரிசல் விட்டுப் பல நாளான இடம் கருத்திருந்தது, அன்றைக்குப் பிய்ந்த இடம் மட்டும் பளபளத்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  என் ஏற்பாடு அப்படியே இருந்திருந்தால், பிரேக் பக்கத்து ரீடிங் விழுவதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டியிருக்கும். இரண்டு ரீடிங்கும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போய்க்கொண்டே விழுந்திருக்கும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்கு பேர். இன்ஸ்பெக்டர் பிரியாணியைப் புகழ்ந்துகொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றிருக்கும்.

வெளியே வந்தபோது முதலாளி வந்துவிட்டிருந்தார். வயரை யாரோ தொட்டதால் என்ஜின் நின்றது என்று போனில் சொல்லியிருக்கிறார்கள், ஷாஃப்ட் ஒடிந்ததைச் சொல்லவில்லை. முகம் சிவந்திருந்தது.

"யாருவே வயரத் தொட்டது? கஸ்டமரு வந்திருக்கையில யாரு தொட்டது?"

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நான்தான் தொட்டேன்."

அந்தக் கணத்தில் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன் என்று நம்புகிறேன். திட்டு வரப்போகிறது, அதை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அதற்குள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "ஷாஃப்ட் ஒடிஞ்சிருக்கு சார்! சேஃப்டி மட்டும் வேலை செய்யலேன்னா நாம யாரும் இப்ப இல்ல!" என்று, சற்று முன் நான் கத்தியதையெல்லாம் மறந்து, என்னைக் கட்டிப்பிடித்தார். முதலாளியின் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. அவருடைய கார் டிக்கியில் ஸ்டெப்னி இருக்காது, பொன்னாடை எப்போதும் இருக்கும். எங்கே யாரைப் பாராட்ட நேரும் என்று சொல்ல முடியாதல்லவா? டிரைவர் ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்தார். கிரீஸ் கையோடு நான் நின்றேன், என் தோளில் பொன்னாடை விழுந்தது.

திட்டை வாங்கத் திறந்த வாய் பாராட்டு வந்ததும் மூடிக்கொண்டது. இல்லை, நான் இல்லை, அதோ அந்தப் பெண் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் முதலில் கழற்றியது யார்? அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு, என்ஜினை யாரும் ஓட்டக் கூடாது என்ற அட்டையைப் பேனலில் மாட்டப் போனார். செய்ய வேண்டிய அந்த வேலை வேறு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அறிக்கையை முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன். சோதனைப் பொறுப்பாளர் முன்யோசனையோடு புதுக் கேபிள் பதித்திருந்ததால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது. கையெழுத்தும் போட்டேன். ஊரே தபசுக்குக் கூடியிருக்க, நான் வீட்டில் படுத்திருந்தேன்.

லீவு முடிந்த மறுநாள், அதாவது ஐந்தாம் நாள், ஆபீஸ் தன் கடமையைச் செய்தது. விபத்து என்றதும் வழக்கத்துக்கு மாறாக யாரோ வயரிங் ரிஜிஸ்டரைத் திறந்திருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் பாதுகாப்பு வயரிங்கை மாற்றியிருக்கிறார். கையெழுத்து இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று கடிதம் போய்விட்டது. ஒரே கேபிள், ஒரே நாற்பது நிமிடம். அறிக்கையில் அது என் முன்யோசனை, ரிஜிஸ்டரில் அது அவர் குற்றம். இரண்டு தாளும் ஒரே அலமாரியில் இருந்தன, முரண்படுகிறதே என்று ஒரு விளக்கும் எரியவில்லை. மூன்று வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து உரக்கச் சொன்னேன். மொத்தமாகச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, தனியாக எதையும் குறிப்பிட வேண்டியதில்லை. திங்கட்கிழமை அண்ணாச்சி தேநீர் கொண்டுவந்து வைத்தார். "பொன்னாடைய வீட்டுல மடிச்சி வச்சிட்டியளா சார்?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று முழுக்க என்னால் எந்தத் தாளையும் வாசிக்க முடியவில்லை.

பதினோராம் நாள் காலை முதலாளியிடம் போனேன். வயரைக் கழற்றியது நான், மாட்டியது அந்தப் பெண், நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மாட்டினார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மோர் கொடுக்கச் சொன்னார்.

"சொன்னது நல்லதுதான் வே. ஆனா ரிப்போர்ட்டு கஸ்டமருக்குப் போயாச்சுல்லா? அந்தப் பிள்ளைய ஆறு மாசம் கழிச்சி புதுசா அப்ளிகேஷன் போடச் சொல்லும். பாப்போம்."

"அப்போ எனக்கு மெமோவாவது கொடுங்க."

"உமக்கு மெமோ கொடுத்தா, பொன்னாடை போட்ட எனக்கு யாரு கொடுப்பா?" என்று சிரித்தார். ரீடிங் விழுந்தால் எரிபொருளைக் கூட்டுகிற ரகம் அவர். அடுத்த மாதம் எனக்குச் சம்பள உயர்வு இருக்கிறது என்று வேறு சொன்னார்.

அன்றைக்குச் சாயந்திரம் இன்ஸ்பெக்டருக்கு நேராக ஒரு கடிதம் எழுதினேன். நாலே வரி. ஆறு வாரம் பாதுகாப்பை முடக்கி வைத்திருந்தது நான். நீங்கள் பாராட்டிய ரீடிங் இரண்டும் ஒரே புரோப்பின் ரீடிங். அதைச் சரிசெய்தவர் இன்ன பெண், என் மிரட்டலை மீறிச் செய்தார். அதற்காக அவர் வேலை போயிருக்கிறது. முதலாளிக்கு ஒரு நகல் வைத்தேன். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தபாலில் சேர்த்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். பாஸான நான்கு என்ஜினும் திரும்ப வந்தன, திரும்ப ஓட்டினோம். கட்டுப்பாட்டு அறையை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள், ஜன்னல் இல்லாமல். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கடைசி நான்கு வருடம் போல்ட்டும் கேஸ்கெட்டும் எடுத்துக் கொடுத்தேன், அது எனக்கு நியாயமாகவே பட்டது. அந்தப் பெண்ணை எங்கள் கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் அவர் போன் நம்பரை விசாரித்து வாங்கித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உங்கள் என்ஜின்களின் பாதுகாப்புச் சோதனைக்கு ஒப்புதல் தருகிறவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

கடிதம் போன மறுவாரம் அவர் எனக்குப் போன் செய்தார். அப்போது அவருக்கு அந்த வேலையும் கிடைத்திருக்கவில்லை, வீட்டில்தான் இருந்தார்.

"சார், ஒங்க லெட்டர இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல இருந்து எனக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்காவ. வாசிச்சேன்."

"சரிம்மா" என்றேன். மன்னிச்சிரும்மா என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"நாலு வரியும் சரியாத்தான் இருக்கு சார். ஆனா ஷாஃப்ட் ஒடிஞ்சதும் மெசின் அரைச் செகண்டுல நின்னுட்டு. ஒங்களுக்குப் பதினோரு நாளு ஆயிருக்கு."

"ஆமாம்மா, ஆயிட்டு" என்றேன்.